உங்களுக்குத் தெரியுமா? இதயமும் ஹார்மோன் சுரக்கும்!

காஞ்சிபுரத்தில் குழித்தறிக்குள் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் பட்டு நெய்பவருக்கு மாலையில் பாதம் வீங்கினால், 'உட்கார்ந்தே இருந்ததால்தான்' என்று விட்டுவிடுகிறோம். இதயம் பலவீனமானாலும் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், சட்டென நிரம்பாது.

உப்பும் நீரும் உடலில் தேங்குவதே காரணம். இதயம் சும்மா இருப்பதில்லை. அவற்றைச் சிறுநீரில் வெளியேற்றத் தானே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது! 1981இல் கனடாவில் ஆய்வாளர் அடால்போ டி போல்டு குழுவினர், எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தி இதைக் கண்டறிந்தார்கள். இந்த ஹார்மோன் சீக்கிரம் சிதையாமல் காக்கும் சகுபிட்ரில் என்ற மருந்து, வல்சார்ட்டன் என்ற இன்னொரு மருந்துடன் சேர்ந்த மாத்திரையாக 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று இந்தியாவிலும் கிடைக்கிறது.

கால் வீக்கத்தோடு, படுத்தால் மூச்சும் திணறுகிறதா? தறியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.