படச்சுருளின் உறுதி

படச்சுருளைக் கொண்டு திரைப்படம் காட்டும் கருவியில் பல்லுருளைகள் இடைவிடாது சுழலும். ஒளிவாயிலிலோ சுருள் நொடிக்கு 24 முறை நின்று நின்று நகரும். இவ்விரு இயக்கங்களுக்கும் இடையே இழுபடும் சுருள் அறுந்துபோதல் எளிது.

இவ்விடர் தீர 1895ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லேதம் குழுவினர் படப்பிடிப்புக் கருவியில் ஒரு வழி கண்டனர். சுருளை இறுக்காது, சிறிது தளர்த்தி வளையமாக விட்டனர். விரிந்தும் சுருங்கியும் அவ்வளையமே இழுப்பைத் தாங்கிற்று. பின்னர்ப் படங்காட்டும் கருவிகளும் அதனை மேற்கொண்டன.

சுருளின் பொருளும் திருந்தியது. பழைய நைட்ரேட்டுச் சுருள் எளிதில் தீப்பற்றுவது. அதற்கு மாற்றாக 1948இல் டிரையசிட்டேட்டுச் சுருள் வந்தது. அதன்பின் பரவிய பாலியெஸ்டர்ச் சுருளோ மிக வலியது. சிக்கிக்கொண்டால் தான் அறாமல் பொறியையே பழுதாக்கவல்லது. ஆதலின், வலிமை மட்டும் போதாது; நெகிழ்ச்சியும் வேண்டும். இழுக்குமிடத்து இடங்கொடுப்பதே அறாது நிற்கும்.