மூடியைக் கழற்றினீங்களா பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க செல்போன்ல இப்போ எத்தனை போட்டோ இருக்கு? அஞ்சாயிரம்? பத்தாயிரம்? சரி, அதுல உங்க பாட்டி தனியா, நிதானமா உட்கார்ந்திருக்கிற படம் எத்தனை? தேடிப் பாருங்க. நானும் தேடினேன். ஒண்ணுகூட இல்லை. எல்லாத்துலயும் அவங்க யாரோட செல்ஃபிக்கோ பின்னாடி, ஓரமா, பாதி முகத்தோட இருந்தாங்க.

அந்தக் குற்ற உணர்ச்சியோட பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, மாமா பரண்ல இருந்து ஒரு தோல் பையை இறக்கிக் கொடுத்தார். உள்ளே ‘ஸார்க்கி 4’. மாஸ்கோ பக்கத்துல க்ராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில 1956-ல இருந்து 1973 வரைக்கும் தயாரான ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. தாத்தா நெய்வேலியில வேலை பார்த்தவர். அங்கே அனல்மின் நிலையம் சோவியத் உதவியோட கட்டப்பட்டது இல்லையா? ஊருக்குத் திரும்பின ரஷ்ய இன்ஜினீயர் ஒருத்தர் தாத்தாகிட்ட வித்துட்டுப் போனதுங்கிறது எங்க வீட்டு வரலாறு.

பேட்டரி கிடையாது. லைட் மீட்டர் கிடையாது. ஸ்க்ரீன்... மூச்! ஒரு ரோலுக்கு 36 படம்தான். ஃபிலிம், கழுவுற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தா என் ஒரு மாச பாக்கெட் மணி காலி. ஆனாலும், ‘பாட்டியை அசத்தலா ஒரு படம் எடுத்துடணும்’னு இறங்கிட்டேன்.

முதல் எட்டு படமும் கும்மிருட்டு. காரணம்? லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை!

சிரிக்காதீங்க பாஸ். ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தூக்கின பாதிப் பேர் இதைப் பண்ணியிருப்பாங்க. ஏன்னு தெரிஞ்சா லென்ஸ், ஃபிலிம், ஃப்ளாஷ்னு மூணையும் எப்படித் தேர்ந்தெடுக்கணும்னும் புரிஞ்சுடும்.

ரெண்டு ஜன்னல் மேஜிக்

எஸ்.எல்.ஆர். கேமராவுல நீங்க பார்க்கிறது லென்ஸ் வழியா. ரேஞ்ச்ஃபைண்டர்ல அப்படி இல்லை. லென்ஸுக்கு மேலே தனியா ஒரு ஜன்னல். அது வழியா பளிச்னு உலகம் தெரியும். லென்ஸ் மூடியிருக்கா, திறந்திருக்கான்னு அந்த ஜன்னலுக்குத் தெரியவே தெரியாது!

பக்கத்துல இன்னொரு குட்டி ஜன்னல் இருக்கும். அது வழியா வர்ற பிம்பம் கண்ணாடியில பட்டு, முதல் ஜன்னலோட நடுவுல மங்கலா விழும். பாட்டிக்கு ரெண்டு மூக்குத்தி தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, ரெண்டு மூக்குத்தியும் நகர்ந்து ஒண்ணாகும். ஒண்ணாச்சுன்னா ஃபோகஸ் ஓ.கே.! பத்தாம் வகுப்பு ட்ரிகோணமெட்ரிதான். ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அடிப்பக்கம், கண்ணாடியோட கோணம் இன்னொரு அளவு. முக்கோணம் போட்டா தூரம் வந்துடும். ‘இதெல்லாம் வாழ்க்கையில எங்கே யூஸ் ஆகப் போகுது?’ன்னு கேட்டோமே, இங்கேதான்.

லென்ஸ்: ஒண்ணு போதும் ராசா!

ஜூம் லென்ஸை மறந்துடுங்க. ஜன்னல் தனி, லென்ஸ் தனிங்கிறதால, நீங்க ஜூம் பண்றது ஜன்னலுக்குத் தெரியாது. அதனால இந்த உலகத்துல எல்லாமே நிலையான லென்ஸ்தான். பெரும்பாலும் 35, 50, 90 மி.மீ. இதுக்கு மேல 135 வரைக்கும் போகலாம். ஆனா லென்ஸ் நீளமாக ஆக ஜன்னல்ல உங்க ஃப்ரேம் தபால் தலை சைஸுக்குச் சுருங்கிடும். முக்கோணமும் அவ்வளவு துல்லியமா தூரம் சொல்லாது. கிரிக்கெட் மேட்ச், பறவை எல்லாம் எடுக்கிற ஆசை இருந்தா, ஸாரி, இது உங்க கேமரா இல்லை. பூவோட மகரந்தமும் கிடையாது. பெரும்பாலான பழைய லென்ஸ்கள் ஒரு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது.

அப்போ எதுக்குத்தான் ஆகும்? மனுஷங்களுக்கு. தெருவுக்கு. பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே எடுக்கிறதுக்கு. உள்ளே கண்ணாடி எகிறிக் குதிக்கிற சத்தம் இல்லாததால, எதிர்ல இருக்கிறவங்க மிரள மாட்டாங்க. ப்ரெஞ்சு போட்டோகிராஃபர் ஆன்ரி கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் வாழ்நாள்ல முக்கால்வாசி வேலையை லைகா கேமரா, 50 மி.மீ. லென்ஸ்னு ஒரே ஜோடியோட முடிச்சவர்.

35-ஆ, 50-ஆ? ஒரு கணக்கு பாருங்க. எஃப்/8 வெச்சு 3 மீட்டர்ல ஃபோகஸ் பண்றீங்க. 35 மி.மீ.ன்னா ஏறக்குறைய 2 மீட்டர்ல இருந்து 7 மீட்டர் வரைக்கும் எல்லாமே தெளிவு. அதாவது, திருவிழாக் கூட்டத்துல ஜன்னலைப் பார்த்து வளையத்தைத் திருப்பிக்கிட்டே இருக்க வேண்டாம். தூக்கு, அமுக்கு, அவ்வளவுதான். அதே இடத்துல 50 மி.மீ.ன்னா சுமார் இரண்டே கால்ல இருந்து நாலேகால் மீட்டர் வரைக்கும்தான். கொஞ்சம் கவனம் வேணும். ஆனா முகம் மட்டும் எடுக்க 50 தான் அழகு.

எங்க ஸார்க்கியில இருந்தது ‘ஜூபிடர் 8’. 50 மி.மீ., எஃப்/2. ஜெர்மனியோட ஸைஸ் கம்பெனி ‘ஸோனார்’ டிசைனை அடிப்படையா வெச்சு சோவியத்ல செஞ்சது. முழுசாத் திறந்தா பின்னணி வெண்ணெய் மாதிரி குழையும். ஆனா ஒண்ணரை மீட்டர்ல எஃப்/2 வெச்சா தெளிவா இருக்கிற இடம் மொத்தமே ஒரு சாண்கூட இல்லை, சுமார் 11 செ.மீ.தான்! பாட்டி ‘என்னடா இது?’ன்னு முன்னாடி சாய்ஞ்சாலே ஃபோகஸ் போச்சு.

லென்ஸ் வாங்குற ஐடியா இருந்தா, மவுன்ட்டை முதல்ல பாருங்க. ஸார்க்கி, ஃபெட், பழைய லைகா எல்லாம் 39 மி.மீ. திருகு. 1954-ல லைகா எம்3 வந்தப்பதான் திருகுக்குப் பதிலா சட்னு மாட்டுற எம் மவுன்ட் வந்தது. அடாப்டர் போட்டா திருகு லென்ஸ் எம் பாடியில உட்காரும். ஆனா சோவியத் லென்ஸை லைகாவுல மாட்டி, கிட்டத்துல, எஃப்/2-ல எடுத்தா ஃபோகஸ் கொஞ்சம் தள்ளிப் போக வாய்ப்பு உண்டு. ரெண்டு நாட்டு அளவுக் கணக்கும் முழுசா ஒத்துப் போகாது.

இன்னொரு விஷயம். ஸார்க்கி ஜன்னல்ல கோடு எதுவும் கிடையாது. ஜன்னல் முழுக்கவே 50 மி.மீ. காட்சிதான். 35 லென்ஸ் மாட்டினா மேலே தனி வ்யூஃபைண்டர் ஒண்ணு செருகணும். அந்தச் செலவையும் சேர்த்துக்கங்க.

ஃபிலிம்: போட்டா போட்டதுதான்

டிஜிட்டல்ல ஐ.எஸ்.ஓ. படத்துக்குப் படம் மாத்தலாம். இங்கே ஃபிலிமை மாட்டின நிமிஷமே அடுத்த 36 படத்துக்கும் ஐ.எஸ்.ஓ. முடிவாயிடுச்சு. அதனால ‘எந்த ஃபிலிம்?’னு கேட்காதீங்க. ‘எங்கே எடுக்கப் போறேன்?’னு கேளுங்க.

லைட் மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு பாட்டி வைத்தியம் இருக்கு. சுள்ளுன்னு வெயில் அடிச்சா எஃப்/16 வைங்க. ஷட்டர் வேகம் உங்க ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்துல இருக்கட்டும். 100 ஃபிலிமுக்கு 1/125, 400 ஃபிலிமுக்கு 1/500. மேகம் வந்தா ஒரு படி திறங்க, நிழல்னா இன்னும் ரெண்டு படி.

இதுல ஒளிஞ்சிருக்கு ஒரு பொறி. ஸார்க்கியோட உச்ச வேகம் 1/1000. நம்ம ஊர் உச்சி வெயில்ல 400 ஃபிலிம் போட்டா எஃப்/11-க்கு மேல திறக்கவே முடியாது. ஆசை ஆசையா எஃப்/2 லென்ஸ் வாங்கி என்ன பிரயோஜனம்? 100 போட்டா எஃப்/5.6 வரைக்கும் திறக்கலாம். அதே 100-ஐ வீட்டுக்குள்ளே டியூப்லைட் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தா, எஃப்/2-லகூட 1/8 செகண்டுக்கு இறங்கணும். கை ஆடும், படம் கலங்கும். 400 இருந்தா எஃப்/2, 1/30. மூச்சைப் பிடிச்சா எடுத்துடலாம். ஆக, ஃபிலிம்தான் லென்ஸை எவ்வளவு திறக்கலாம்னு முடிவு பண்ணுது.

முதல் தடவைன்னா என் ஓட்டு 400 கறுப்பு வெள்ளைக்கு. கோடக் ‘ட்ரை எக்ஸ்’, இல்லேன்னா இல்ஃபோர்டு ‘எச்.பி.5 ப்ளஸ்’. ட்ரை எக்ஸ் 35 மி.மீ. சுருளா வந்ததும் 1954-லதான், லைகா எம்3 பிறந்த அதே வருஷம். ரெண்டும் சேர்ந்துதான் ஃப்ளாஷ் இல்லாம இருட்டுல படம் பிடிக்கிற தைரியத்தைக் கொடுத்தது. நெகட்டிவ் ஃபிலிம் தாராள மனசுக்காரர். ஒரு படி, ரெண்டு படி வெளிச்சம் கூடினாலும் மன்னிச்சுடும். குறைஞ்சாதான் மன்னிக்காது. சந்தேகம் வந்தா, கூடவே கொடுங்க. ஸ்லைடு ஃபிலிம் இதுக்கு நேர் எதிர், கூடினா வெளுத்துடும். அது பழகினவங்களுக்கு.

தாத்தா காலத்துல நம்ம ஊட்டியிலேயே ஃபிலிம் தயாராச்சு தெரியுமா? 1960-ல தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தோட ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம். இப்போ அந்தத் தயாரிப்பு இல்லை. தோல் பைக்குள்ள ஒரு காலி டப்பா மட்டும் கிடந்தது.

ஃப்ளாஷ்: நான் மாட்டிக்கிட்ட இடம்

இப்போ வலிக்கிற கதை. பொங்கல் அன்னிக்கு விடியக்காலை. வாசல்ல கோலம், அடுப்பு, பானை. பாட்டி குனிஞ்சு ஓலையைத் தள்ளி விடுறாங்க. இருட்டு. மாமாகிட்ட இருந்த பழைய ஃப்ளாஷை மாட்டினேன். ‘வேகமா எடுத்தா கலங்காது’னு என் மூளை சொன்னதைக் கேட்டு ஷட்டரை 1/250-ல வெச்சேன். பால் பொங்கினது, பாட்டி குலவை போட்டது, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு படம்.

கழுவி வந்ததைப் பார்த்தா, ஒவ்வொரு படத்துலயும் ஓரத்துல ஒரு பட்டை மட்டும் வெளிச்சம். அதுல மாமாவோட காது. மீதி கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளேதான் பாட்டி.

என்ன நடந்தது? ஸார்க்கி, லைகா மாதிரி கேமராக்கள்ல ஷட்டர்ங்கிறது ஃபிலிமுக்கு முன்னாடி ஓடுற ரெண்டு திரை. மெதுவான வேகத்துல முதல் திரை முழுசா விலகின பிறகுதான் ரெண்டாவது கிளம்பும். வேகம் கூடினா, முதல் திரை போய்ச் சேர்றதுக்குள்ளேயே ரெண்டாவது துரத்த ஆரம்பிச்சுடும். நடுவுல ஒரு சந்துதான் திறந்திருக்கும். ஃப்ளாஷ் கண் சிமிட்டுற நேரத்துல அடிச்சு ஓய்ஞ்சுடும். சந்து எங்கே இருக்கோ அங்கே மட்டும்தான் படம். ஸார்க்கி 4-க்கு ஃப்ளாஷ் வேகம் 1/30. லைகா எம் வரிசை ஃபிலிம் கேமராக்களுக்கு 1/50. அதுக்கு மேல போனா, மாமா காதுதான்.

ஃப்ளாஷ்தான் உங்களுக்கு முக்கியம்னா வேற வழி இருக்கு. ‘கேனனெட் ஜி-3 க்யூ.எல். 17’ மாதிரி லென்ஸ் மாத்த முடியாத ரேஞ்ச்ஃபைண்டர்கள்ல ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே பூ மாதிரி விரியும். அதனால உச்ச வேகமான 1/500 வரைக்கும் ஃப்ளாஷ் ஒத்துழைக்கும். 40 மி.மீ., எஃப்/1.7 லென்ஸ், 35-க்கும் 50-க்கும் நடுவுல. லென்ஸ் மாத்துற சுகம் போகும், ஃப்ளாஷ் சுகம் வரும்.

எவ்வளவு திறக்கணும்? ஃப்ளாஷ் மேலே ‘கைடு நம்பர்’னு ஒண்ணு இருக்கும். அதைத் தூரத்தால வகுத்தா எஃப் எண். கைடு நம்பர் 20, தூரம் இரண்டரை மீட்டர்னா எஃப்/8. இது 100 ஃபிலிமுக்கு. 400-ன்னா கைடு நம்பர் ரெண்டு மடங்கு, எஃப்/16. இங்கேதான் ரேஞ்ச்ஃபைண்டர் ஜெயிக்குது. மூக்குத்தியை ஒண்ணு சேர்த்ததும் லென்ஸ் வளையத்தைப் பாருங்க. தூரம் அங்கேயே எழுதியிருக்கும். கணக்கு ரெடி!

31-வது படம்

சித்திரையில பாட்டி போயிட்டாங்க.

மாலை போடுறதுக்குப் படம் தேடினப்போ, வீட்டுல எல்லாரும் செல்போனைத் துழாவினாங்க. நான் அந்த நெகட்டிவை எடுத்தேன். முதல் எட்டு மூடி. அப்புறம் கொஞ்சம் கோயில், கொஞ்சம் மாடு. பன்னிரண்டு, மாமா காது. 31-வது படம், ஃப்ளாஷ் இல்லாம எடுத்தது. பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம் ஜன்னல் ஓரம். 400 ஃபிலிம், எஃப்/2, 1/30. பாட்டி முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. லேசா கலங்கலா இருக்கு. தலைக்கு மேலே இடமே இல்லை. ஜன்னல் காட்டுறதும் லென்ஸ் பார்க்கிறதும் கிட்டத்துல ஒண்ணா இருக்காதுன்னு அப்போ எனக்குத் தெரியாது. ஆனா அவங்க நேரா என்னைப் பார்க்கிறாங்க. ஏன்னா, ஃபிலிமை மிச்சம் பிடிக்கணும்னு நான் பத்து நிமிஷம் க்ளிக் பண்ணாம, பேசிக்கிட்டே காத்திருந்தேன்.

அந்தப் படம்தான் இப்போ கூடத்துல தொங்குது.

கேமரா வாங்குங்க, வாங்காம போங்க. இந்த வாரம் ஊருக்குப் போனா, பாட்டி பக்கத்துல ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க. அப்புறமா எடுங்க. மறக்காம, மூடியைக் கழற்றிட்டு!

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு க்விக் செக்!

* பையில இருக்கும்போது மூடி கட்டாயம். துணித் திரை ஷட்டர்ல நேர் வெயில் லென்ஸ் வழியா விழுந்தா ஓட்டை போட்டுடும். கையில எடுத்ததும் மூடி பாக்கெட்டுக்கு!

* ஸார்க்கி, ஃபெட் வாங்கினா, ஃபிலிமை ஓட்டின பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாத்தணும். முன்னாடியே திருகினா உள்ளே உடையலாம்.

* கிட்டத்துல எடுத்தா தலைக்கு மேல கொஞ்சம் இடம் விடுங்க.

* ஃப்ளைட்ல போறீங்களா? ஃபிலிமைக் கையில வெச்சுக்கங்க. ஸ்கேனர்ல விடாம கையால சோதிக்கச் சொல்லிக் கேளுங்க.

* முதல் ரோலை முக்கியமான விசேஷத்துக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. தெரு நாயை எடுத்துப் பழகுங்க. அது கோவிச்சுக்காது!