மிதிவண்டிப் பயணமும் கட்டுச்சோறும்

அரக்கோணத்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் சாலை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் திருத்தணிகை மலையின் அடிவாரத்தை அடைகின்றது. ஆண்டின் நாள்களைக் குறிப்பனவாகக் கருதப்பெறும் 365 படிகளை உடையது அம்மலை. 1960-ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் திருத்தணி தமிழ்நாட்டுடன் இணைந்தது. ஆதலின் அவ்வூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றாலே ஆந்திர நாட்டின் எல்லைக்குள் புகுந்துவிடுகின்றோம். பின்னர் நகரி, புத்தூர் ஆகிய ஊர்களின் வழியே சாலை திருப்பதியைச் சென்று சேர்கின்றது. பண்டு கடலோடிகள் தொலைவிலிருந்தே கண்டு கரையை அறிந்துகொண்ட 'நகரி மூக்கு' என்னும் சிகரம் இவ்வழியின் துணையாக நெடுநேரம் உடன் வரும். அரக்கோணத்தினின்றும் திருப்பதிக்குச் சற்றேறக்குறைய 80 கிலோமீட்டர் இருக்கும்.

இவ்வழியில், 1979-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில், யானும் என் நண்பர் இருவரும் மிதிவண்டியிற் சென்றோம். அப்பொழுது தமிழ் பயிலும் மாணவனாக இருந்தேன். புறப்படும் நாளன்று என் அன்னையார் புளியோதரை கட்டித் தருவதாகக் கூறினார். சோற்று மூட்டையைச் சுமந்து செல்வது நாகரிகமன்று என்று கருதிய நாங்கள் மறுத்துவிட்டோம். முதல் நாள் திருப்பதியை அடைந்து, அன்று மாலையே படிவழியாகத் திருமலைக்கும் ஏறி இறங்கினோம். மறுநாள் வைகறையில் ஆளுக்கு ஒரு குவளை காப்பி மட்டும் அருந்திவிட்டு, திருத்தணியில் வயிறார உண்ணலாம் என்ற எண்ணத்துடன் திரும்பினோம்.

புத்தூரைக் கடந்து சிறிது தொலைவு வந்திருப்போம். எனக்கு முன்னே சென்ற நண்பனின் வண்டி இடமும் வலமுமாக அலையத் தொடங்கிற்று. யான் அழைத்தது அவன் செவியில் விழவில்லை. மறுகணம் வண்டி சாலையின் நடுவே சாய்ந்தது. எதிரே வந்த சரக்குந்தின் ஓட்டுநர் தம் வண்டியை நிறுத்தியபொழுது, அதன் முன்சக்கரத்திற்கும் என் நண்பனின் தலைக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு முழமே. அவன் முகம் வெளுத்து, உடல் முழுதும் வியர்வை குளிர்ந்து, கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எங்கே இருக்கின்றோம் என்பதும் அவனுக்கு விளங்கவில்லை.

சாலையோரத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த தெலுங்கு மூதாட்டி ஒருவர் ஓடி வந்தார். அவனை நிழலில் அமர்த்தி, தம் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்து அவன் கையில் வைத்து, "தினு நாயனா" என்றார். தமிழில் 'தின்' என்பதும் தெலுங்கில் 'தினு' என்பதும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்று வகுப்பில் படித்திருந்தேன். அதன் பொருளை அன்றுதான் முழுதும் உணர்ந்தேன். வெல்லத்தைத் தின்று, உப்பிட்ட மோரையும் பருகிய கால் மணி நேரத்தில் நண்பன் எழுந்து உட்கார்ந்தான்.

அவனுக்கு நேர்ந்தது யாது? நோயன்று, வெயிலின் கொடுமை மட்டுமும் அன்று. உடலின் சருக்கரைச் சேமிப்புத் தீர்ந்துபோனமையே அது. நாம் உண்ணும் சோறு, இட்டலி, கிழங்கு முதலியவற்றின் மாவுப்பொருள் செரித்துச் சருக்கரையாகின்றது. உடனே செலவழியாத பகுதியைக் கல்லீரலும் தசைகளும் 'கிளைக்கோஜன்' என்னும் பொருளாக்கிச் சேமிக்கின்றன. வளர்ந்த மனிதன் ஒருவனிடம் தசைகளில் 400 கிராம் அளவும், கல்லீரலில் 100 கிராம் அளவும் இச்சேமிப்பு இருக்கும். கடுமையாக உழைத்தால் இஃது இரண்டு மணி நேர அளவிற்கே போதும். கல்லீரலில் உள்ள பங்கோ, நாம் இரவு உறங்கும்பொழுதே பெரிதும் கரைந்துவிடும். முதல் நாள் மலையேறித் தசைகளின் சேமிப்பைத் தீர்த்து, இரவு கழிந்தபின் வெறும் வயிற்றுடன் புறப்பட்ட எங்களிடம் எஞ்சியிருந்தது சிறிதே. மூளை பெரும்பாலும் குருதியிலுள்ள சருக்கரையைக் கொண்டே இயங்குவதாகும். அது குறைந்தால் கால் தளர்வதற்கு முன்னரே அறிவு மயங்கும். ஊர்திகள் விரையும் சாலையில் அம்மயக்கம் உயிருக்கே உலை வைப்பதன்றோ?

இவ்வுண்மையை மருத்துவர் கண்டறிந்த வரலாறும் சுவையானது. 1924-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் நிகழ்ந்த மராத்தான் ஓட்டத்தின் முடிவில், ஓடியவர்களின் குருதியை மருத்துவர் சிலர் ஆராய்ந்தனர். மிகவும் சோர்ந்து வந்தவர்களின் குருதியில் சருக்கரை மிகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு ஓட்டத்தின்பொழுது, சிலரை முதல் நாளே மாவுப்பொருள் மிகுந்த உணவை உண்ணச் செய்து, ஓடும் வழியிலும் இனிப்பு மிட்டாய்களை உண்ணுமாறு செய்தனர். அவர்கள் முன்னைப்போல் சோர்ந்து விழாமல் ஓட்டத்தை முடித்தனர். மூதாட்டியின் முந்தானையில் இருந்த மருந்தும் அதுவே.

நம் முன்னோர் வழிப்பயணத்திற்கென்றே உணவை வகுத்திருந்தனர். ஆறு என்பது வழி. வழியில் உண்ணும் உணவிற்கு 'ஆற்றுணா' என்பது பெயர். பொதிந்து எடுத்துச் செல்வதால் 'பொதிசோறு' என்றும், கட்டிக் கொண்டு செல்வதால் 'கட்டமுது', 'கட்டுச்சோறு' என்றும் வழங்கினர். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்து வருந்திய திருநாவுக்கரசருக்கும், திருக்குருகாவூருக்குச் செல்லும் வழியில் சுந்தரருக்கும் இறைவனே பொதிசோறு அளித்த செய்தியைச் சேக்கிழார் பாடியுள்ளார். அடியார்க்கு வழியில் வேண்டியது சோறும் நீரும் என்பதை அறிந்து அளித்ததாக அக்கதைகள் அமைந்திருத்தலை நோக்குக.

இனி, மிதிவண்டியிற் செல்வோர்க்கு ஏற்ற கட்டுச்சோறு எது என்பதைக் காண்போம். மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் மிதித்துச் செல்பவர்க்கு ஒரு மணி நேரத்தில் 300 முதல் 400 கலோரி வரை செலவாகலாம். அவ்வளவையும் வழியிலேயே உண்டு ஈடுசெய்தல் இயலாது, வேண்டுவதும் இல்லை. உடலிலுள்ள கொழுப்பு ஒரு பகுதியைத் தரும். நெடும்பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுப்பொருளோ சருக்கரையோ உட்சென்றால் போதும் என்பது இக்கால அறிஞர் கருத்து. நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு உள்ளது. சிறிய இட்டலியில் 10 கிராம் அளவு. நெல்லிக்காய் அளவு வெல்லத்தில் 15 கிராம் அளவு இருக்கலாம். எனவே ஒரு மணி நேரத்திற்கு ஒரு பழமும் இரண்டு இட்டலியும் என்று கொண்டால் கணக்கு நிறைவுறுகின்றது.

இட்டலி இதற்கென்றே பிறந்தது போன்ற பண்டம். ஆவியில் வெந்தமையின் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. புளித்த மாவாதலின் எளிதிற் செரிக்கும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயிற் குழைத்து, இட்டலியின் இருபுறமும் பூசி, வாட்டிய வாழையிலையில் மடித்து வைத்தால் நண்பகல் வரை கெடாது. பயணத்திற்குக் காரம் சிறிது குறைவாகவே இருக்கட்டும். தேங்காய்ச் சட்டினியைத் தொடவே வேண்டா. கோடையில் அது முதலிற் கெட்டுப்போகும்.

புளியோதரைக்கு உள்ள பெருமை அதன் புளியினால் வந்தது. சோற்றைக் காய்ச்சினாலும் அழியாத நுண்ணுயிர் வித்துகள் சில அரிசியில் உள்ளன. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். புளியின் அமிலம் அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கின்றது. இதனாலன்றோ, ஆந்திர நாட்டார் 'புளிஹோரா' என்றும் நாம் புளியோதரை என்றும் வழங்கும் இச்சோறு, இருநாட்டுக் கோயில்களிலும் வழிநடைப் பயணிகளின் மூட்டைகளிலும் இடம்பெற்றது! ஆயினும் ஒரு விதியை மறத்தலாகாது. சோற்றை அகன்ற தட்டிற் பரப்பி, நன்றாக ஆறிய பின்னரே கட்டுதல் வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகி உள்ளேயே தங்கி, புளியின் பயனையும் கெடுத்துவிடும்.

தயிர்ச்சோற்றை விரும்புவோர், குழைந்த சோற்றில் பால் மிகுதியாகவும் தயிர் ஒரு கரண்டியுமாகக் கலந்து எடுத்துச் செல்வர். பால் வழியிலே தோய்ந்து, உண்ணும் வேளையில் புளிப்பேறாத தயிர்ச்சோறாக இருக்கும். இஃது அரிய உத்தியே. எனினும் சித்திரை, வைகாசி வெயிலில் நான்கைந்து மணி நேரத்திற்கு மேல் இதனை நம்பலாகாது.

நிலக்கடலையைப் பற்றி ஒரு சொல். 100 கிராம் கடலையில் 560 கலோரிக்கு மேல் உண்டு என்று கண்டு, கடலையை மட்டும் கொண்டு செல்வோர் உளர். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாகும். கொழுப்பு மெல்லச் செரிப்பது. களைத்த காலுக்கு அதன் உதவி காலம் தாழ்த்தே வரும். வெல்லப்பாகிற் பிடித்த கடலைமிட்டாயோ விரைவிற் பயன்தரும் வெல்லத்தையும் மெல்லப் பயன்தரும் கடலையையும் ஒருங்கே உடையது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது என்பதை அறிவீர்கள். பொரிவிளங்காய் உருண்டை, வெல்லமிட்ட அவல், பேரீச்சம்பழம் ஆகியனவும் இவ்வினத்தன. வடை, பூரி, எண்ணெயிற் பொரித்த பிற பண்டங்கள் ஆகியவற்றை ஊர் சேர்ந்தபின் உண்ணலாம்.

இந்நாளில் பயணிகளுக்கென்றே சருக்கரைக் கூழைச் சிறு உறைகளில் அடைத்து விற்கின்றனர். அவை தீயன அல்ல. பந்தயத்தில் விரைந்து செல்வோர்க்குப் பயன்படும். ஆயின் அவற்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சருக்கரையே. நகரிச் சாலையின் பெட்டிக்கடையில் தொங்கும் வாழைத்தாரில் அதுவே இருக்க, பெருவிலை கொடுத்து உறையை வாங்குதலும், வெற்றுறையை வயலோரத்தில் வீசுதலும் எனக்கு உடன்பாடல்ல.

உணவினும் நீர் முந்தியது. வெயிலிற் செல்பவர்க்கு மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும், சிலர்க்கு அதற்கு மேலும், வியர்வை வெளியேறும். வியர்வை உப்பையும் கொண்டு செல்கின்றது. வெறும் நீரையே அளவின்றிப் பருகினால், குருதியில் உப்பின் அளவு குறைந்து தலைவலியும் மயக்கமும் தோன்றும். மிகின் உயிருக்கும் ஊறு நேரும். குடலில் சருக்கரையும் உப்பும் சேர்ந்து உட்செல்லும்பொழுது நீரையும் உடன் ஈர்த்துக்கொள்கின்றன. 1971-ஆம் ஆண்டு வங்காளதேச அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபொழுது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சருக்கரையும் கலந்த நீரைப் பருகச்செய்து எண்ணற்றோரைக் காத்தது இவ்வியல்பினை அறிந்தே. நம் பானகமும் ஏறக்குறைய இத்தகையதே. ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் வெல்லம், அரைத் தேக்கரண்டிக்குச் சிறிது குறைவான உப்பு, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, சிறிது சுக்கு ஆகியவற்றைக் கலந்து வடிகட்டினால் போதும். வெல்லம் மிகுந்தால் வயிற்றில் தங்கிக் குமட்டும். இளநீர் நன்றே, அதில் சோடிய உப்புக் குறைவாதலின், ஒரு சிட்டிகை உப்பைத் தனியே நாவில் இட்டுக்கொள்ளுதல் தகும்.

எப்பொழுது உண்பது என்பதும் ஒரு வினா. பிரெஞ்சு நாட்டில் 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பெற்ற பால் தெ விவி (1853–1930) என்பார் மிதிவண்டிச் சுற்றுலாவின் தந்தையெனப் போற்றப்படுபவர். பசி தோன்றுமுன் உண்க, விடாய் தோன்றுமுன் பருக என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். வழியில் ஊனும் மதுவும் புகையும் விலக்குமாறும் கூறினார். அந்நாட்டில் 1891-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று மீளும் 1200 கிலோமீட்டர் பந்தயம் நடைபெற்றது. முதலில் வந்த சார்ல் தெரோன் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் அதனை முடித்தார். இன்று அது பந்தயமாக அன்றி, 90 மணி நேரத்திற்குள் முடிக்கவேண்டிய பயணமாக நான்கு ஆண்டுகட்கு ஒருமுறை நடைபெறுகின்றது. சென்னையிலும் அம்முறையைத் தழுவி, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் பயணங்கள் நிகழ்கின்றன. அவற்றிற் கலந்துகொள்வோர் மணியைப் பார்த்து உண்பர். பசியைப் பார்த்து அல்லர். உங்களுள் மேனிலை வகுப்பினர்க்கு அரசு வழங்கும் மிதிவண்டியில் திருத்தணி வரை சென்று மீள்வதற்கு இத்துணை ஏற்பாடு வேண்டா. காலை உணவும், ஒரு குப்பி நீரும், இரண்டு வாழைப்பழமும் போதும்.

மறு ஆண்டு நாங்கள் மூவரும் மீண்டும் அச்சாலையிற் சென்றோம். இம்முறை என் அன்னையார் கட்டித் தந்த புளியோதரைப் பொதிகள் நான்கு. நான்காவது பொதியைப் புத்தூருக்கு அப்பால் அம்மூதாட்டியிடம் கொடுத்தோம். அவர் இலையைப் பிரித்து, ஒரு கவளம் உண்டு, சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "புலுபு தக்குவ, நாயனா" என்றார். புளிப்புப் போதவில்லை என்பது அதன் பொருள். வீட்டிற்கு வந்து அன்னையாரிடம் கூறினேன். அடுத்த முறை அவர் ஒரு கைப்பிடி புளி கூடுதலாகக் கரைத்தார்.