ஈரத் தரையும் இறப்பர் அடியும்

புலம்பெயர்ந்த எம்மவரில் பலருக்கு ஐரோப்பாவில் முதலிற் கிட்டிய தொழில் உணவகக் குசினியிற் கோப்பை கழுவுவதே. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு அஞ்சும் நாம், காலின்கீழ் இருக்கும் தரையைப் பொருட்படுத்துவதில்லை.

சப்பாத்துக் கடையில் மென்மையான இறப்பர் அடிகொண்ட சோடியொன்றை அணிந்து சிறிது நடக்கின்றோம். நன்றாகப் பிடிக்கின்றது, வாங்கிவிடுகின்றோம். கடைத் தரையோ உலர்ந்த தரை. அங்கே மென் இறப்பர் அமுங்கி, தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுட் புகுந்து ஒட்டிக்கொள்கின்றது. உராய்வுக் குணகம் 1ஐத் தாண்டுவதும் உண்டு. அதே தரையில் நீர் பரவினால், இறப்பருக்கும் ஓட்டுக்கும் இடையே மெல்லிய படலமொன்று நின்றுவிடுகின்றது. அது நிற்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. குதி நிலத்திற் படும் கணப்பொழுதுக்குள் அந்நீர் பிதுங்கி வெளியேற வேண்டும். அதற்கு வழிவிடுவனவே அடியிலுள்ள வெட்டுக்கள். வெட்டில்லாத அடி எவ்வளவு மென்மையாயினும் வழுக்கும். எண்ணெய் நீரினும் தடித்தது, மெதுவாகவே விலகும். சவர்க்கார நீரும் கொழுப்பும் கலந்த தரையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

வெட்டுக்களிற் கொழுப்பு அடைத்துக்கொண்டால் அவை இருந்தும் இல்லாதவையே. வேலை முடிந்ததும் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிடலாம். குதியின் பின் ஓரத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றது. பழைய பொருட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சோடி தேயாததுபோலத் தோன்றினாலும், ஆண்டுகள் செல்ல இறப்பர் இறுகிவிடும். இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊறி உப்பும்; குசினிக்கு நைத்திரைல் இறப்பரே ஏற்றது.

தொழிற் சப்பாத்துக்கான ஐ.எஸ்.ஓ. 20347 தரவிதி, சவர்க்காரக் கரைசல் ஊற்றிய ஓட்டின்மீதே வழுக்கலைச் சோதிக்கின்றது. கிளிசரின் ஊற்றிய ஓட்டிலும் தேறிய சோடிக்கு, 2022ஆம் ஆண்டு ஐரோப்பியப் பதிப்பின்படி ‘எஸ்.ஆர்.’ என்ற குறி உண்டு. அதற்கு முந்தியவற்றில், சவர்க்கார ஓட்டோடு கிளிசரின் ஊற்றிய உருக்குத் தரையிலும் தேறிய சோடிக்கு ‘எஸ்.ஆர்.சி.’ என்றிருக்கும்.

1989ஆம் ஆண்டின் 89/656 இலக்க ஐரோப்பியப் பணிப்புரையின்படி, வேலைத்தலத்தின் ஆபத்துக்கு வேண்டிய காப்பணியை முதலாளியே இலவசமாகத் தரவேண்டும். வழுக்கும் குசினியிற் சப்பாத்தும் அதில் அடங்கக்கூடும். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் எம்மிடையே உண்டு. அதனை வீண் அச்சம் என நாம் கூறமாட்டோம். ஆயினும் கணுக்கால் முறிந்து வாரக்கணக்கில் வீட்டிலிருப்பவரின் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவதும் நடப்பதே. கேட்கச் செல்லும்போது தேய்ந்த சோடியையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.