கவிதையைச் சுமந்த பெண்

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் துணிச்சலை உலகமே பேசுகிறது. எனக்கோ அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த தோழி லிதியா சுகோவ்ஸ்கயாவைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

1938. ஸ்டாலின் ஆட்சி. அக்மதோவாவின் மகன் லெவ் லெனின்கிராட் சிறையில். லிதியாவின் கணவர், இயற்பியல் அறிஞர் மத்வேய் பிரான்ஸ்டைன், அந்தப் பிப்ரவரியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதிகாரிகள் மனைவிக்குச் சொன்னதோ, பத்து ஆண்டுச் சிறை, கடிதத்துக்கு அனுமதியில்லை என்று. எத்தனையோ குடும்பங்களுக்கு இதே பொய். சிறை வாசலில் பெண்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். கைதிக்காகச் சன்னலில் நீட்டும் பணத்தை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அக்மதோவா இப்படி 17 மாதம் நின்றார். அந்த வரிசையில் பிறந்ததுதான் 'ரெக்வியம்' என்ற கவிதைத் தொடர்.

அதைத் தாளில் வைத்திருக்க வழியில்லை. சோதனையில் சிக்கினால் மகன் உயிருக்கே ஆபத்து. சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்குமோ என்ற பயம் வேறு. பேசிக்கொண்டிருக்கும்போதே அக்மதோவா சட்டென்று நிறுத்திக் கூரையைக் கண்ணால் காட்டுவார். தேநீர் வேண்டுமா என்பதுபோல் எதையோ உரக்கக் கேட்டபடி, துண்டுத்தாளில் கவிதை வரிகளை விறுவிறுவென எழுதி நீட்டுவார். லிதியா வாய் திறக்காமல் படித்து, மனதில் ஏற்றிக்கொண்டு, திருப்பித் தருவார். இந்த வருஷம் இலையுதிர்காலம் சீக்கிரமே வந்துவிட்டது என்று பேச்சை வளர்த்தபடி அக்மதோவா தீக்குச்சியைக் கிழிப்பார். தாள் சாம்பல் கிண்ணத்தில் எரிந்து போகும்.

வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு சொல் நழுவினாலும் சரிபார்க்கத் தாள் கிடையாது. நாட்குறிப்பிலும் வெளிப்படையாக எழுத முடியாது. நம்பிக்கையான சில நண்பர்கள் மட்டுமே இந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். அதே 1938இல் கைதிகள் முகாமில் இறந்த கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாமின் கவிதைகளையும் மனைவி நதேழ்தா இப்படித்தான் மனப்பாடமாகக் காப்பாற்றினார்.

லிதியா ஒரு படி மேலே போனார். 1939-40 குளிர்காலத்தில் 'சோஃபியா பெட்ரோவ்னா' என்ற நாவலைப் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதினார். கைதான மகனும் குற்றமற்றவன், அரசும் தப்பு செய்யாது என்று இரண்டையும் ஒருசேர நம்பத் தவிக்கும் ஒரு டைப்பிஸ்ட் தாயின் கதை. கொடுமை ஓய்ந்த பிறகு எழுதியவர்கள் பலர். அதன் நடுவே உட்கார்ந்து எழுதியவர் இவர். நோட்டை ஒளித்து வைத்திருந்த நண்பர் இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தார். சாகும் முன் அதைத் தன் சகோதரியிடம் ஒப்படைத்திருந்தார்.

'ரெக்வியம்' 1963இல் ம்யூனிக்கில் அச்சானது. சொந்த நாட்டில் வெளிவந்தது 1987இல், அக்மதோவா இறந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு. லிதியாவின் நாவல் அங்கே 1988இல் வந்தது; அதைக் கண்ணால் பார்க்க அவர் இருந்தார். இரண்டில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால் நாவலைத்தான் சொல்வேன். சிறிய புத்தகம். சிறை வாசல் வரிசையில் நின்ற பெண்கள் ஏன் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசவில்லை என்பது அதைப் படித்தால்தான் புரியும்.