புகையடுப்புக்கு முன்னால் வெப்பமானி

அமெரிக்காவின் டெக்சாஸ் பாணியில் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைக்க, அடுப்பின் விலையைவிட அதன் சூடுதான் முக்கியம். 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடு நிலையாக இருந்தால், கறியை விறைப்பாக்கும் கொலாஜன் பல மணி நேரத்தில் மெல்ல இளகி ஜெலட்டினாகும். நடுவில், கறியின் உட்சூடு 70 டிகிரியை நெருங்கும்போது மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். அடுப்பு பழுதென்று பதறிக் கரியைத் திணித்தால் கறி காய்ந்துபோகும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். பொறுத்திருந்தால் 95 டிகிரி வாக்கில், குத்திப் பார்க்கும் கம்பி தடையில்லாமல் உள்ளே இறங்கும்.

இதற்கு, 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் உருவாக்கிய வெபர் போன்ற, மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பே போதும். கரியை ஓர் ஓரத்திலும் கறியை மறு ஓரத்திலும் வைத்துக் காற்றுத் துளையைச் சுருக்கினால் சூடு அடங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டில் எரியும் தானியங்கி அடுப்பு, இரவெல்லாம் காவலிருக்கும் வேலையை மிச்சப்படுத்துமே என்பார்கள். நியாயம்தான், ஆனால் அதன் புகைமணம் மெலிது. அதற்கா அத்தனை விலை? எதை வாங்கினாலும், கறிக்குள் செருகும் வெப்பமானியை முதலில் வாங்குங்கள். புகையையும் கவனியுங்கள்: அடர்ந்த வெண்புகை கறியைக் கசக்கவைக்கும். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் என்பதால், வீட்டுக்குள் மட்டும் மூட்டாதீர்கள்.