வீட்டுச் சர்வரும் அதன் வட்டுகளும்

நெல்லைக் காக்கப் பத்தாயமும், பொன்னைக் காக்கப் பேழையும், ஏட்டைக் காக்கச் சுவடிக்கட்டும் வைத்து வாழ்ந்தவர் நம் முன்னோர். இக்காலத்துக் குடும்பத்தின் அரும்பொருள்களோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகா வடிவில் உள்ளன. திருமணப் படங்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், மதிப்பெண் சான்றுகள், ஆராய்ச்சிக் குறிப்புகள், மறைந்த பெரியோரின் குரல் ஆகிய யாவும் உள்ளங்கையளவான வட்டொன்றில் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வட்டு அழியின் அவையும் உடன் அழியும். இவற்றைக் காத்தற்கும், கணினிக் கலை பயில்வார்க்கு ஒரு பயிற்சிக் களமாதற்கும் உரிய சர்வர் ஒன்றை வீட்டிலேயே அமைப்பது எங்ஙனம், அதற்கு எவ்வகை உறுப்புகளைத் தேர்தல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நம் அத்தையார் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பல நாள் அருகிருந்து ஒலிப்பதிவு செய்து, ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தோம். ஒருநாட் காலை அது ‘டக், டக்’ என்று ஒலித்து நின்றுவிட்டது. பழுது பார்ப்போர் உள்ளிருக்கும் தட்டே கீறுண்டதென்று கூறித் திருப்பித் தந்தனர். அத்தையாரோ அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அன்று நம்மிடம் விரைந்து இயங்கும் கணினி இருந்தது. இரண்டாம் பிரதிதான் இல்லை. கண் கெட்ட பின் நாம் கற்றவற்றையே, கண் கெடுமுன் நேயர்கள் கற்கும்பொருட்டு எழுதுகின்றோம்.

சர்வராவது யாது? இரவும் பகலும் இயங்கி, வீட்டிலுள்ள பிற கணினிகளும் கைபேசிகளும் கேட்பனவற்றைக் கொடுத்துதவும் கணினியே சர்வர். ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்கள்போல் இயங்கச் செய்யும் முறைக்கு மெய்ந்நிகராக்கம் என்று பெயர். ஒரே மனையில், தனித்தனி வாயிலும் பூட்டுமுடைய பல குடித்தனங்கள் இருப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம். ஒரு குடித்தனத்தில் படங்களைச் சேமிக்கலாம். மற்றொன்றில் மாணவர் லினக்ஸ் பயிலலாம். பயில்வார் தம் பகுதியைப் பாழாக்கினும் படங்களுக்கு ஊறு நேராது. இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1972-ஆம் ஆண்டிலேயே தம் பெருங்கணினிகளுக்கு வி.எம்./370 என்னும் அமைப்பை வெளியிட்டனர். 2005-இல் இன்டெல் நிறுவனத்தாரும், 2006-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தாரும் இதற்குரிய துணையைத் தம் சிறு பிராஸசர்களில் அமைத்தனர். 2007-இல் கே.வி.எம். என்னும் பகுதி லினக்ஸின் உட்கருவில் சேர்ந்தது. அதனால் அவ்வசதி நம்மனோர்க்கும் எளிதாயிற்று. பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள்களை இன்று விலையின்றியே பெறலாம்.

இனி உறுப்புகளைக் காண்போம். கடைக்குச் செல்வோர் முதலில் வினவுவது பிராஸசரின் வேகத்தையே. வீட்டுச் சர்வருக்கோ அது கடைசியில் வினவற்பாலது. என்னை? அவ்வியந்திரம் நாளின் பெரும்பகுதி வாளாவிருக்கும். மெய்ந்நிகராக்கத் துணையுடைய நான்கு கருக்கள் கொண்ட பிராஸசர் ஒரு குடும்பத்திற்குப் போதும். வேகத்தினும் மின்செலவே கருதத்தக்கது. 40 வாட் கொள்ளும் இயந்திரம் ஓராண்டில் ஏறத்தாழ 350 யூனிட்டும், 100 வாட் கொள்வது 876 யூனிட்டும் செலவழிக்கும். மலிவாகக் கிடைக்கின்றதென்று பெருநிறுவனங்கள் கழித்த பழைய சர்வரை வாங்குவோர், அதன் இரைச்சலையும் மின்கட்டணத்தையும் எண்ணிப் பார்த்தல் நலம். அலுவலகங்களில் பயன்பட்ட சிறு மேசைக் கணினி இதற்கு ஏற்றதே. ஆயினும் இரண்டு பெரிய வட்டுகளையேனும் பொருத்த அதில் இடமுண்டா என்று பார்த்தே கொள்ளல் வேண்டும்.

அடுத்தது ராம் என்னும் நினைவகம். குடித்தனங்கள் ஒவ்வொன்றும் இதில் தனக்கெனப் பங்கு கேட்கும். பிராஸசரின் நேரத்தை அவை மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளும். நினைவகத்தை அங்ஙனம் எளிதிற் பகிர்தல் இயலாது. ஆதலின் 16 கிகாபைட் தொடக்கத்திற்குப் போதுமெனினும், 32 கிகாபைட் இருப்பின் நெருக்கடியிராது. பின்னர் மேலும் சேர்க்க வெற்றிடம் விட்டுவைப்பது அறிவுடைமை. பிழையைத் தானே கண்டு திருத்தும் இ.சி.சி. என்னும் நினைவகவகை ஒன்றுண்டு. கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரையொன்று, நினைவகப் பிழைகள் அதுவரை எண்ணியதினும் மிகுதியாக நேர்வனவென்று காட்டியது. பொருள் வசதியுடையார் இவ்வகையை வாங்கலாம். ஆனால் மதர்போர்டும் பிராஸசரும் அதனை ஏற்பனவாயிருத்தல் வேண்டும்.

வட்டுகளே இக்கட்டுரையின் உயிர்நிலை. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தும், அது கொண்டது 50 லட்சம் எழுத்துகளே. இன்று கையடக்கமான ஒன்று பல டெராபைட்டுகளைக் கொள்கின்றது; எனினும், சுழலும் தட்டும் அதன்மேல் அசையும் முனையும் அன்றுபோலவே இன்றும் உள்ளன. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்றி வர 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் முனைக்கு நேரே வரச் சராசரி அதிற் பாதியும், முனை நகர்தற்கு மேலும் சில மில்லி விநாடிகளும் செல்லும். எனவே சிதறிய சிறு செய்திகளை அது விநாடிக்கு நூறளவிலேயே எடுத்துத் தரும். அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. வகையோ பல்லாயிரம் முறை தரும். குடித்தனங்கள் பல ஒரே நேரத்தில் சிதறிய வேண்டுகோள்களை விடுப்பனவாதலின், அவற்றை எஸ்.எஸ்.டி.யிலும், படம், ஒலி முதலிய பெருஞ்சேமிப்பை விலை குறைந்த ஹார்டு டிஸ்க்கிலும் வைப்பதே முறை.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும் என்று அஞ்சுவார் சிலர். 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதமுள்ள ஒன்றில் நாள்தோறும் 50 கிகாபைட் எழுதினும், அவ்வளவையெட்ட 32 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே தேய்மானம் பற்றிய அச்சம் வீட்டிற்கு வேண்டுவதன்று.

ஹார்டு டிஸ்க் வாங்குங்கால் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சிலவற்றில், ஓடு வேய்வதுபோல், ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் சிறிது படியுமாறு எழுதுவர், இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். நடுவிலுள்ள ஓட்டை மாற்ற மேலுள்ளவற்றைப் பெயர்க்க வேண்டுவதுபோல, இதில் ஒரு பகுதியைத் திருத்த அடுத்தவற்றையும் மீண்டும் எழுத நேரும். அதனால் இடைவிடாது எழுதும்பொழுது வேகம் பெரிதும் குன்றும். சேமிப்புச் சர்வருக்கென விற்கப்பெற்ற ரெட் வகை வட்டுகள் சிலவற்றில் இம்முறை இருந்ததை 2020-ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தார் ஒப்புக்கொண்டு, பின்னர் எவ்வெவ்வகை எம்முறையின என்று வெளியிட்டனர். ஆதலின் சி.எம்.ஆர். எனக் குறிக்கப்பெற்றதையே, நிறுவனத்தாரின் விவரப் பட்டியலைப் பார்த்து வாங்குக.

வட்டு ஒன்று சாகுமென்றே கொண்டு அமைப்பை வகுத்தல் வேண்டும். 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர், மலிவான வட்டுகள் பலவற்றைச் சேர்த்து ஒன்றின் குறையை மற்றவை நிரப்பச் செய்யும் ரெய்டு முறையை விளக்கினர். வீட்டிற்கு எளியது இரட்டை முறை; இரு வட்டுகளிலும் ஒன்றையே எழுதுவது. 8 டெராபைட் வட்டு இரண்டிருப்பின் பயன்படுவது 8 டெராபைட்டே. ஆனால் ஒன்று போயினும் மற்றொன்று காக்கும். புதிய வட்டில் அனைத்தையும் மீண்டும் எழுத, விநாடிக்கு 150 மெகாபைட் வீதமாயினும் 15 மணி நேரம் செல்லும்; அவ்விடைக்காலத்தில் மற்றதும் போகலாம். ஒரே நாளிற் பிறந்த இரட்டையர்போல் ஒரே தொகுதியில் உருவான வட்டுகள் ஒரே காலத்தில் நலியவுங்கூடுமாதலின், வெவ்வேறு கடைகளில் வாங்குவது நன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் உருவாக்கி 2005-இல் மூலநிரலையும் வெளியிட்ட இசட்.எப்.எஸ். என்னும் கோப்பு முறை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்துப் படிக்குந்தோறும் ஒப்பிட்டு, கெட்டதை நல்ல பிரதியினின்றும் திருத்திக்கொள்ளும்.

வட்டு நலிவதை முன்னரே அறிதல் கூடுமோவெனின், ஓரளவே கூடும். கூகுள் ஆராய்ச்சியாளர் 1 லட்சத்திற்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் எழுதிய கட்டுரையில், மேற்பரப்புச் சோதனையில் முதற் பிழை தோன்றிய வட்டு அடுத்த 60 நாளில் கெடும் வாய்ப்பு, பிழை தோன்றாத வட்டினும் 39 மடங்கு என்று கண்டனர். ஆயின் கெட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, முதன்மையான நான்கு குறிகளுள் ஒன்றையேனும் காட்டாமலே கெட்டன. எச்சரிக்கை தோன்றின் உடனே மாற்றுக. தோன்றவில்லையென்று வாளாவிருத்தல் வேண்டா.

ஈண்டு ஒன்றை அழுத்திக் கூறுகின்றோம். ரெய்டு என்பது பிரதியன்று. தவறுதலாக ஒரு கோப்பை அழிப்பின் இரு வட்டிலும் அது ஒருங்கே அழியும். தீயும் திருடும் ஒன்றை மட்டும் விட்டுச் செல்லா. 2015 டிசம்பரில் சென்னையிற் பெருகிய வெள்ளம் வீடுகளின் கீழ்த்தளத்திற் புகுந்தபொழுது, அங்கிருந்த பொருள்கள் யாவும் ஒருங்கே நீரில் மூழ்கின. ஆகவே மூன்று பிரதிகள், இருவகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது கற்றோர் வகுத்த விதி. மாதம் ஒருமுறை பிரதியெடுத்து வெளியூரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டிற் கொடுத்து வைப்பினும் போதும். அப்பிரதியினின்று ஒரு கோப்பையேனும் அவ்வப்பொழுது திறந்து பார்த்தாலன்றி அது பிரதியாகாது. மின்சாரம் திடீரென்று நிற்குமிடங்களில், சர்வரை ஒழுங்காக நிறுத்தும் அளவிற்கேனும் ஒரு யு.பி.எஸ். வைத்தலும் இன்றியமையாதது.

ஆதலின் மாணவ நேயர்கள் வரவுசெலவுத் திட்டம் வகுக்கும்பொழுது, வேற்றிடத்தில் வைக்கும் வட்டின் விலையை முதலில் எழுதுக. அதன்கீழ் இரட்டை வட்டுகளையும், நினைவகத்தையும், யு.பி.எஸ்.ஸையும் எழுதுக, எஞ்சியதற்குப் பிராஸசர் வாங்குக. வேகம் குறைந்த கணினியால் சில நிமிடங்களே வீணாகும். இரண்டாம் பிரதி இல்லாமையால் நாம் இழந்த குரலை எக்கணினியும் மீட்டுத் தரவில்லை. இதனைப் படித்து முடித்த இன்றே, நும் இல்லத்துப் பெரியோரின் படமும் குரலும் எத்தனை இடங்களில் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பீராக. ஒன்று என்பது விடையாயின், சர்வர் அமையுமளவும் காத்திராது, இன்றிரவே மற்றொரு பிரதி எடுத்து வைப்பீராக.